பிக்ஸி பூட் வராட்டி முதல்ல சேர்வரில கை வைக்காதேங்கோ

கொம்பியூட்டர் லாப் பொறுப்பில இருக்கிற தம்பிமார், தங்கச்சிமார், ஒருக்கா இருந்து கேளுங்கோ. இருபது மெஷினுக்கும் ஒவ்வொண்டா பென் ட்ரைவ் குத்தி விண்டோஸ் போட்டுக் களைச்சு, இனி நெற்வேர்க்கால, அதுதான் பிக்ஸியால, பூட் பண்ணுவம் எண்டு வெளிக்கிட்டிருக்கிறியள். நல்ல யோசனைதான். சேர்வர் ஒபீஸ் பக்கம் 192.168.10 இல, லாப் 192.168.20 இல. ஒபீஸ் பக்கத்தில வடிவாப் பூட் ஆகுது, லாப்பில ஆகேல்லை. உடன சேர்வரை அழிச்சுத் திரும்பப் போட நிக்கிறியள். அந்த மௌசைக் கீழ வையுங்கோ பாப்பம். ஒரு பக்கத்தில பூட் ஆகுதெண்டால் சேர்வர் சுகமா இருக்குது, வருத்தம் வழியில.

தொண்டைமானாற்றில தடுப்பணைக் கதவைப் பாத்திருப்பியள். கடல்தண்ணி நீரேரிக்குள்ள ஏறாமல் மறிக்கத்தான் அது. றவுட்டரும் அப்பிடித்தான். பூட் ஆகிற மெஷினுக்கு அந்த நேரம் சொந்த ஐபியும் இல்லை, ஆரிட்டைக் கேக்கிறதெண்டும் தெரியாது. அதால 255.255.255.255 எண்டு எல்லாருக்கும் கேக்கக் கூப்பிடும். அந்தக் கூப்பாடு றவுட்டரைத் தாண்டாது. பழுதாகிப் போய் மறிக்கேல்லை, மறிக்கிறதுதான் அதின்ர வேலை. கதவடியில நிண்டு செய்தியை அங்கால கொண்டுபோய்க் குடுக்க ஒரு ஆள் வேணும். அதுதான் ரிலே.

1. திரையில வாற வரியை வாசியுங்கோ. ரெண்டு செக்கனில மறைஞ்சிடும், போனில படம் எடுங்கோ. "பூட் ஆகுதில்லை அக்கா" எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு ஒருத்தரிட்டையும் போகாதேங்கோ.

- ஈ61: கேபிள். கடற்கரைப் பக்கத்து உப்புக்காத்தில பிளக் முனை பச்சை பிடிச்சிருக்கும். முனையை வெட்டிப் புதுசாப் போடுங்கோ.
- ஈ51, புது யூஇஎஃப்ஐ மெஷினெண்டால் ஈ16: ஐபி தர ஒருத்தரும் வரேல்லை. ரெண்டாம் பொயின்ருக்குப் போங்கோ.
- ஈ53: ஐபி வந்திட்டுது, பூட் பைலின்ர பேர் வரேல்லை. அதுவும் ரெண்டாம் பொயின்ற்தான்.
- ஈ55: ஒப்ஷன் 60. மூண்டாம் பொயின்ற்.
- ஈ11, ஈ32: பேர் தெரியும், பைல் இருக்கிற இடத்துக்குப் போக வழியில்லை. நாலாம் பொயின்ற்.

2. ரிலேயை லாப் பக்கத்தில போடுங்கோ. அநேகம் பேர் விடுற பிழை இது. சிஸ்கோவில "ஐபி ஹெல்ப்பர் அட்ரஸ்" எண்டிருக்கும். அதை சேர்வர் இருக்கிற விலானில போட்டுப் பிரயோசனம் இல்லை, கூப்பிடுற மெஷின் இருக்கிற விலானில போடவேணும். டிஎச்சிபி ஒரு மெஷினிலையும் பூட் சேர்வர் வேற மெஷினிலையும் இருந்தால், ரெண்டு ஐபிக்கும் ரெண்டு ஹெல்ப்பர் வேணும். ஒண்டை மட்டும் போட்டிட்டு ஈ53 ஐப் பாத்து முழிச்ச ஆக்கள் கனபேர்.

ரிலே செய்தியைக் கொண்டுபோகேக்க, தான் எந்த சப்நெற்றில இருந்து வாறன் எண்டு தன்ர விலாசத்தையும் எழுதிக்கொண்டுதான் போகும். டிஎச்சிபி சேர்வர் அதைப் பாத்துத்தான் எந்த ஸ்கோப்பில இருந்து ஐபி குடுக்கிறதெண்டு முடிவெடுக்கும். 192.168.20 க்கு ஸ்கோப் இல்லாட்டி அது வாயே திறக்காது. ஸ்கோப் இருக்கோ, அது அக்ரிவேற் பண்ணியிருக்கோ எண்டு பாருங்கோ.

3. ஒப்ஷன் 60, 66, 67 ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடாதேங்கோ. ஆரோ வீடியோவில சொன்னதெண்டு மூண்டையும் போட்டிட்டு வருவியள். டிஎச்சிபியும் விண்டோஸின்ர பூட் சேர்வரான டபிள்யூடிஎஸ்ஸும் ஒரே மெஷினில இருந்தால்தான் 60 வேணும். வேற வேற மெஷினெண்டால், "நான்தான் பூட் சேர்வர்" எண்டு டிஎச்சிபி பொய் சொன்ன மாதிரி ஆகிப்போகும். மெஷின் அதை நம்பி 4011 ஆம் போர்ட்டில போய்த் தட்டும். அங்க ஆரும் இல்லை. இந்த ஒரு ஒப்ஷனால எனக்கு ரெண்டு நாள் வீணாப் போனது, அதுவும் நானே போட்டது.

66 உம் 67 உம் ஒரே பைலைத்தான் எல்லாருக்கும் நீட்டும். பழைய பயோஸ் மெஷினுக்கு ஒரு பைல், யூஇஎஃப்ஐக்கு இன்னொண்டு. ரெண்டு வகையும் கலந்திருக்கிற லாப்பில பாதி மெஷின் படுத்திடும். மைக்ரோசொஃப்ற்றே தன்ர பூட் சேர்வருக்கு இந்த ஒப்ஷன்களை விட ஹெல்ப்பரைத்தான் போடச் சொல்லுது. லினக்ஸ் பக்கம் டிஎச்சிபி சேர்வரில ஒப்ஷன் 93 ஐப் பாத்துப் பைலை மாத்திக் குடுக்கலாம், அது வேற சங்கதி.

4. கேற்வேயும் பயர்வோலும். லாப் ஸ்கோப்பில ஒப்ஷன் 3, அதாவது கேற்வே, விடுபட்டால் மெஷினுக்கு ஐபி இருக்கும், அங்கால போகத் தெரியாது. பூட் சேர்வரின்ர கேற்வேயையும் பாருங்கோ, பதில் திரும்பி வரவேணுமே.

பயர்வோலில 69 ஐத் திறந்தாச்சு எண்டு நிம்மதியா இருக்காதேங்கோ. பூட் பைலைக் கொண்டுவாற டிஎஃப்டிபியில கேள்விதான் 69 க்குப் போகும், பதில் வேற ஏதோ ஒரு போர்ட்டில இருந்து வரும். லாப் லப்ரொப்பில இருந்து டிஎஃப்டிபியால ஒரு பைல் எடுத்துப் பாக்கேக்கையும் அந்த லப்ரொப்பின்ர சொந்தப் பயர்வோலே பதிலை மறிச்சு உங்களை ஏமாத்தும்.

5. பைல் பாதியில நிண்டால் டிஎஃப்டிபியின்ர புளொக் சைஸைக் குறையுங்கோ. பழைய அளவு 512 பைற். கூட்டினால் கெதியா வரும், ஆனால் வழமையான 1500 எம்டியூவில 1468 க்கு மேல போனால் பக்கெற் துண்டு துண்டாகி வழியில துலைஞ்சிடும். 1456 வையுங்கோ, காணும். வழியில விபிஎன் இருந்தால் இன்னும் குறையுங்கோ.

6. விண்டோஸுக்குள்ள ஐபி வருது, பூட்டுக்கு மட்டும் வரேல்லையோ? சுவிச்சின்ர ஸ்பானிங் ட்ரீயைச் சந்தேகப்படுங்கோ. லிங்க் வந்து 30 செக்கன் அது போர்ட்டைத் திறக்காமல் வைச்சிருக்கும், அதுக்கிடையில மெஷின் கேட்டுக் களைச்சுப் போகும். மெஷின் கொழுவிற போர்ட்டுகளுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ற் போடுங்கோ. உறுதிப்படுத்த வேணுமெண்டால், நடுவில ஒரு மலிவான சின்ன சுவிச்சைக் கொழுவிப் பாருங்கோ. பூட் ஆகுதெண்டால் கள்ளன் அதுதான்.

7. ஒண்டும் பிடிபடாட்டி பூட் சேர்வரில வயர்ஷார்க்கைத் திறந்து 67, 68, 69, 4011 மட்டும் பாருங்கோ. கூப்பாடு வந்து சேரேல்லையெண்டால் பிழை ரிலேயில. வந்தும் பதில் போகேல்லையெண்டால்தான் சேர்வரில கை வையுங்கோ. அரை நாள் மினக்கெடுற வேலை அஞ்சு நிமிசத்தில முடியும்.

பதில் போகுது, ஆனால் மெஷினுக்கு 192.168.1 எண்டு சம்பந்தமில்லாத ஐபி வருதோ? லாப்பில ஆரோ வீட்டில இருந்து கொண்டுவந்த வைஃபை றவுட்டரைக் கொழுவியிருக்கினம், அது தன்ர பாட்டில ஐபி பங்கிடுது. மேசைக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ. முதல்ல கழட்டுங்கோ, ஆற்ற எண்டு பிறகு விசாரிக்கலாம்.