மயில்துத்தமும் சுண்ணாம்பும்: தென்னங்குருத்தைக் காக்கும் ஓர் இரசாயன பாடம்

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இலத்தூர், தென்காசிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஈரம் இடையறாது தங்கும். குருத்தழுகல் நோய்க்கு உகந்த காலம் இதுவே. தென்னைக்குள்ளது ஒரே குருத்து. அஃது அழுகின் மரமே போயிற்று.

இந்நோயைத் தடுப்பது போர்டோக் கலவை. பிரான்சு தேசத்தில் திருடரை அகற்றவேண்டி, பாதையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அக்கொடிகள் மட்டும் பூசண நோய்க்குத் தப்பியதை 1882-இல் கண்ட பேராசிரியர் மில்லார்டே, ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டார்.

உப்பை நீரில் கரைத்து வற்றவைத்தால் அதே உப்பு மீளும்; இது வெறுங்கலப்பு. துத்தநீரும் சுண்ணாம்புப்பாலும் சேர்ந்தாலோ, நீரில் கரையாத புதிய நீலப் பொருளொன்று பிறக்கிறது. இது இரசாயன மாறுதல். துத்தத்திலிருந்த தாமிரம் அப்பொருளில் அடங்கிவிடுவதால் இலை கருகுவதில்லை. இலைமேற் படிந்து, சிறிது சிறிதாக வெளிப்பட்டுப் பூசண வித்துக்களை அழிக்கிறது.

செய்முறை: 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிற் கரைக்க. 1 கிலோ நல்ல கற்சுண்ணாம்பை நீர் தெளித்துத் தாளித்து, 50 லிட்டர் நீரிற் கலக்கி வடிகட்டுக. தாளிக்கும்போது கொதிக்குமாதலால் முகத்தை விலக்கி நிற்க. பின்னர்த் துத்தநீரைச் சுண்ணாம்புப்பாலிற் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுக. மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே தக்கவை. இரும்பு வாளி ஆகாது.

சோதனை: துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையிற் சில நிமிஷம் வைத்தெடுக்க. செந்நிறப் படலம் படிந்தால், மாறாத துத்தம் எஞ்சியுள்ளது என்பது பொருள். இரும்பு கரைந்து, அதன் இடத்தில் தாமிரம் படிகிறது. இரும்பு வாளியை விலக்கியதற்கும் காரணம் இதுவே. படலம் தோன்றாமற் போகும்வரை சுண்ணாம்புப்பால் சேர்க்க. இச்சோதனையைச் செய்யாது தெளிப்பவர், மருந்தாலேயே இலையைக் கருக்குவர்.

கலவையை அன்றைக்கே, மழைக்கு முன்னர், குருத்தும் மட்டையடியும் நனையத் தெளிக்க. நோய் கண்ட மரத்தில் அழுகிய பகுதியை வெட்டியெடுத்து எரித்து, 10 லிட்டர் நீருக்குத் துத்தமும் சுண்ணாம்பும் வகைக்கு 1 கிலோவாகச் செய்த பசையை வெட்டுவாயில் தடவுக.

கத்திச் சோதனையைத் தம் பிள்ளைகளுக்கும் மிராசுதாரர்கள் காட்டுவார்களாக. கிராம அதிகாரிகள் சாரலுக்கு முன்னரே ஊரார்க்கு இதனை நினைவூட்டுதல் நன்று. ஒரு தோப்பின் நோய் அடுத்த தோப்புக்கும் பரவுமன்றோ!