ஜூரியும் அஸெஸரும்

கோர்ட்டு என்றதும் நம் வியாபாரப் பெருமக்களுக்குப் புரோநோட்டும் வாடகைப் பாக்கியுமே நினைவுக்கு வரும். ஒருவர் குற்றவாளியா அல்லவா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. கோலாலம்பூரில் நடந்த ஒரு வழக்கு அதை யோசிக்க வைக்கிறது.

அந்நாளில் விக்டோரியா கல்விச்சாலை ஹை ஸ்திரீட்டில் இருந்தது. அதன் தற்காலிகத் தலைமையாசிரியரின் மனைவி எதெல் புரவுட்லாக், 1911 ஏப்ரலில் தம் வீட்டுத் தாழ்வாரத்தில், ஈயச்சுரங்க மேனேஜராக இருந்த வில்லியம் ஸ்டூவர்டைச் சுட்டுக் கொன்றார். மானபங்கம் செய்ய முயன்றதால் சுட்டேன் என்பது அம்மாதின் வாதம். தற்காப்புக்கு ஆறு குண்டுகள் வேண்டுமா என்ற கேள்வி எழாமலிருக்குமா? ஜூனில் விசாரணை. நீதிபதி ஒருவரும் அஸெஸர்கள் இருவரும் அமர்ந்து கேட்டு, மரண தண்டனை விதித்தனர். ஜூரி இல்லை.

இதே கொலை பினாங்கில் நடந்திருந்தால் ஜூரி அமர்ந்திருக்கும்! 1807ஆம் வருஷத்து அரச சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் பினாங்கில் இறங்கிற்று. மறுவருஷம் சர் எட்மண்ட் ஸ்டான்லி அங்கே முதல் ரெக்கார்டராக அமர்ந்தார். ஜூரி முறையும் அச்சட்டத்தோடு வந்ததே. சிலாங்கூரோ சுல்தானின் நாடு. ஆங்கிலச் சட்டம் இங்கே தானாகப் புகவில்லை; ஐக்கிய மலாய் மாநிலங்களின் சட்டத்தில் இருந்தது அஸெஸர் முறை.

இரண்டுக்கும் பேதம் பெரிது. அஸெஸர் நீதிபதியின் பக்கத்தில் அமர்ந்து அபிப்பிராயம் சொல்பவர். ஜூரர்களோ தனியே கூடித் தீர்ப்பைத் தாமே சொல்பவர்கள். 1670இல் லண்டனில், வில்லியம் பென் என்னும் பிரசங்கியைத் தண்டிக்க மறுத்த ஜூரர்களை அன்ன ஆகாரமின்றி அடைத்து வைத்தார்கள், அபராதமும் போட்டார்கள். புஷெல் என்ற ஜூரர் அபராதம் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தே வழக்காடினார். தீர்ப்புக்காக ஜூரரைத் தண்டிக்கலாகாது என்ற விதி அதிலிருந்து நிலைத்தது. அரசாங்கத்துக்குப் பணியாத பன்னிரண்டு சாமான்யர்கள்! அஸெஸருக்கு இந்தப் பலம் ஏது?

எதெல் அம்மாளைக் காத்தது எந்தக் கோர்ட்டும் அன்று. மனுக்கள் குவிய, சிலாங்கூர் சுல்தான் சுலைமான் ஜூலையில் மன்னிப்பு வழங்கினார்.

பின்னாளில் மலேசியாவில் கொலை வழக்குகளை எழுவர் கொண்ட ஜூரி கேட்டது. அதையும் 1995இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியே என்பது என் எண்ணம். நீதிபதி தம் தீர்ப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும். அதை மேல்கோர்ட்டு வரிவரியாகச் சோதிக்கலாம். ஜூரி காரணம் சொல்வதில்லை. ஆனால் கடைத்தெரு மனிதருக்குக் கோர்ட்டில் இருந்த நாற்காலியும் அத்தோடு போயிற்று. அவ்வருஷம் பிப்ரவரியில் தெமர்லோவில் மோனா ஃபென்டி வழக்கில் அமர்ந்த எழுவர், அந்நாற்காலியில் கடைசியாக இருந்தவர்களைச் சேர்ந்தவர்கள்.