மீட்டரில் 142, லேபில் 124: எதை நம்புவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. பல வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். போன வாரம் காலை ஏழு மணிக்கு லேபிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்து வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் போனார். ஒப்பிட்டுப் பார்ப்போமே என்று அதே நேரத்தில் எங்கள் மெஷினிலும் பார்த்தோம்: 142. நம்பிக்கை வராமல் மறுபடி குத்தியதில் 131. பக்கத்து வீட்டு மெஷினில் 150. மதியம் வந்த லேப் ரிப்போர்ட்டிலோ 124! ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்தினோம். அவருக்கு ரத்தசோகையும் உண்டு. ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டுவதில்லை. மெஷினை மாற்றிவிடலாமா? கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன்.

இன்னொன்று. சில நாள் முன்பு சாயங்காலம் அவருக்குத் திடீரென்று வியர்த்துக் கை நடுங்கியது. மெஷின் 78 காட்டியது. 70-க்குக் கீழே போனால்தானே லோ சுகர் என்று பேசாமல் இருந்துவிட்டோம். சரிதானே?

– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் எழுதிய காலை நேர எண்களைப் பார்த்தால் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. என்னைக் கவலைப்பட வைத்தது கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கும் 78தான். முதலில் 142-ஐப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் 78-ம் புரியும்.

எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்?

வீட்டு குளுக்கோமீட்டர்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. 2013-ல் திருத்தப்பட்ட அந்தத் தரத்தின்படி, சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் மீட்டர் காட்டுவது ஆய்வகக் கருவியின் அளவிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி. கூடவோ குறையவோ இருக்கலாம். இதுவும் நூற்றுக்கு 95 முறைதான். மீதி 5 முறை இந்த எல்லையைத் தாண்டினாலும் மீட்டர் தேறிவிடும். 2003-ல் வந்த பழைய தரம் 20 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தது.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 124-ல் 15 சதவீதம் ஏறக்குறைய 19. ஆகவே 105 முதல் 143 வரை எது வந்தாலும் மீட்டர் பாஸ். உங்கள் 142 வாசற்படியில் நிற்கிறது; 131 தாராளமாக உள்ளே இருக்கிறது. ஒரே விரலில் அடுத்தடுத்துக் குத்தினாலும் இப்படி மாறத்தான் செய்யும். பக்கத்து வீட்டு 150 மட்டும் எல்லைக்கு வெளியே. அதற்கு அவர்கள் ஸ்ட்ரிப் டப்பாவை எங்கே வைக்கிறார்கள், எப்போது திறந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

லேப் எண் மாறாதா?

லேப் கருவி துல்லியமானதுதான். ஆனால் அது அளப்பது அதன் கைக்கு வந்து சேர்ந்த ரத்தத்தை. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அதே குழாயிலுள்ள குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இப்படிக் குறையும். இதைத் தடுக்கத்தான் சோடியம் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஃப்ளோரைடும் உடனே வேலை செய்வதில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் இறங்கிவிடும்.

ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் ரத்தம் எடுத்தவர் இன்னும் சில வீடுகளுக்குப் போய்விட்டு லேப் சேர எவ்வளவு நேரம் ஆனதோ! ஆகவே அந்த நிமிடத்தில் உங்கள் கணவரின் உண்மையான சர்க்கரை 124-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் மீட்டருக்கும் லேபுக்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

ரத்தசோகை செய்யும் வேலை

ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸோடு மட்டும் வினைபுரிய வேண்டிய ஒரு நொதி தடவப்பட்டிருக்கும். சொட்டு ரத்தம் உள்ளே இழுக்கப்பட்டதும் வினை நடந்து மிக மெல்லிய மின்னோட்டம் உண்டாகிறது. அதை அளந்துதான் மீட்டர் சர்க்கரையைக் கணக்கிடுகிறது. சிவப்பணுக்கள் நிறைய இருந்தால் இந்த வினைக்குத் தடை. எண் குறைவாக வரும். சிவப்பணுக்கள் குறைந்தால் எண் கூடுதலாக வரும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டுவது இதனால்தான்.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை ஹிமடோக்ரிட் என்பார்கள். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் அது தோராயமாக வந்துவிடும். உங்கள் கணவருக்கு ஏறக்குறைய 30 சதவீதம். எந்த ஹிமடோக்ரிட் வரை எண் சரியாக வரும் என்று ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் மடித்த தாளில் அச்சிட்டிருப்பார்கள். சில மீட்டர்கள் 30-லேயே நின்றுவிடும். சில 20 வரை தாங்கும். சில இந்த வித்தியாசத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். நாம் யாரும் பிரிக்காமலே தூக்கி எறியும் அந்தத் தாளை இந்த முறை பிரித்துப் படியுங்கள். உங்கள் வீட்டில் மெஷினை மாற்ற ஒரே நியாயமான காரணம் அதில்தான் இருக்கக்கூடும்.

கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் ரத்தசோகை குழப்பும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் இழந்தவர்களுக்குக் குறைவாகக் காட்டலாம். ஆகவே ரத்தசோகைக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்து மருத்துவம் பார்ப்பது சர்க்கரைக் கணக்கையும் நேராக்கும்.

ஸ்பிரிட் போதாது

ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும். விரலில் ஒட்டிய சர்க்கரையைப் போக்காது. 2011-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரஞ்சு, திராட்சை, கிவி போன்ற பழங்களை உரித்த கையில் சோதித்தபோது எண் எக்கச்சக்கமாக ஏறியது. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் சரியான எண் வந்தது. மீட்டர் எடுத்துக்கொள்வது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். அதில் துளி இனிப்பு கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். காபிக்குச் சர்க்கரை போட்ட கை, வாழைப்பழம் உரித்த கை எல்லாமே இதில் அடக்கம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வரவில்லையே என்று பிழிந்து எடுக்காதீர்கள், திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவிவிட்டால் போதும்.

ஸ்ட்ரிப்புக்கு எதிரி ஈரமும் வெப்பமும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். காரைக்குடிச் சித்திரை வெயிலில் அது சுலபமில்லை. அதற்காக ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. வெளியே எடுத்ததும் ஈரம் பூத்துவிடும். அடுப்படி, ஜன்னல் ஓரம், பைக் பெட்டி மூன்றும் வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே குளுமையான அறையின் அலமாரி போதும். ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதி வையுங்கள். திறந்த பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோதான் பல கம்பெனி ஸ்ட்ரிப்புகளுக்கு ஆயுள்.

கம்பெனியும் சென்சாரும்

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் விற்பனையில் இருந்த 18 வகை மீட்டர்களை அந்நாட்டின் நீரிழிவுத் தொழில்நுட்பச் சங்கம் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டது. மூன்று சுற்றிலும் தேறியவை 6 மட்டுமே. விற்பனைக்கு அனுமதி பெற்றுவிட்டது என்பதாலேயே ஒரு மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. வாங்கும்போது பெட்டியில் ஐஎஸ்ஓ 15197:2013 என்று இருக்கிறதா, அதன் ஸ்ட்ரிப் உங்கள் ஊர் மருந்துக்கடையில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குத் தள்ளிவிடும் ஸ்ட்ரிப் என்றால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மகன் சொல்லும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். அதற்கும் பிழை உண்டு. அதன் பலம் வேறு: தூங்கும்போதும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று காட்டிவிடும். இன்சுலின் போடுபவர்களுக்குப் பெரிய உதவி. உங்கள் கணவருக்குத் தினமும் தேவைப்படாது. மருத்துவர் விரும்பினால் ஒரே ஒரு சென்சார் ஒட்டி இரண்டு வாரம் பார்க்கலாம்.

சரியாக ஒப்பிடுவது எப்படி?

அடுத்த முறை மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கொண்டு நேராக லேபுக்கே போங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்துக்கும் நரம்பு ரத்தத்துக்கும் இயல்பாகவே வித்தியாசம் வரும். குளுக்கோஸில் ஒரு பகுதியைத் தசைகள் எடுத்துக்கொண்ட பிறகுதான் ரத்தம் நரம்புக்குத் திரும்புகிறது. அங்கே கையைக் கழுவி, அவர்கள் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் விரலில் பாருங்கள். குழாயை உடனே பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இரண்டு முறை இப்படிச் செய்தும் 20 சதவீதத்தைத் தாண்டினால் முதலில் புது ஸ்ட்ரிப் டப்பா, அதன் பிறகுதான் புது மீட்டர்.

அந்த 78

124-க்கும் 142-க்கும் நடுவில் எந்த எண் வந்தாலும் உங்கள் கணவரின் மாத்திரை அன்றைக்கு மாறப்போவதில்லை. எந்த மருத்துவரும் ஒரு நாள் காலை எண்ணை வைத்து மருந்தை மாற்ற மாட்டார். ஒரே நேரத்தில் பல நாள் எடுத்த எண்களின் போக்கைத்தான் பார்ப்பார். அங்கே 18 மி.கி. பிழை பெரிய விஷயமில்லை.

78-ல் கதை வேறு. 100-க்குக் கீழே 15 மி.கி. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பார்த்தோம். அதாவது உண்மையான அளவு 63 முதல் 93 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். போதாக்குறைக்கு ரத்தசோகை எண்ணை மேலே தூக்கிக் காட்டும். ஸ்பிரிட் மட்டும் துடைத்த விரலும் அதையே செய்யும். ஆக, உங்கள் வீட்டில் உள்ள பிழைகள் எல்லாம் ஒரே திசையில், லோ சுகரை மறைக்கும் திசையில் இருக்கின்றன. அவர் சாப்பிடும் கிளிமிபிரைடோ சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை. வியர்வை, நடுக்கம், அந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மீட்டரில் ஆபத்தான பிழை, தாழ்ந்த சர்க்கரையை இப்படி மறைப்பதுதான். உதாரணத்துக்கு, வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குக் கொடுக்கும் கரைசலில் இருந்து மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை உடலில் உண்டாகும். ஒருவகை ஸ்ட்ரிப்புகள் அதையும் குளுக்கோஸாக எண்ணி, தாழ்ந்துகிடந்த சர்க்கரையை உயர்ந்ததாகக் காட்டின. இது தொடர்பாக 13 மரணங்கள் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருப்பதாக 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

இனி அப்படி வியர்த்தால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே அளவு சர்க்கரை. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும், குளுக்கோஸ்தான் வேண்டும். 15 நிமிடம் கழித்து, கையைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். இந்த மாத்திரையால் வரும் தாழ்வு சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெஷின் பஞ்சாயத்தை அடுத்த மாதம்கூட வைத்துக்கொள்ளலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய், அந்தச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி, கிளிமிபிரைடு அளவு சரிதானா, சிறுநீரகப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.