பழைய காரின் என்ஜினைச் சுத்தம் செய்யும்போது

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் வணிக அன்பர்கள் சிலரிடம் அந்த வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வசூலுக்கும் ஆகும், அவசரத்துக்கு நாலு மூட்டை போட்டு வரவும் ஆகும். கடையைத் தினமும் பெருக்கித் துடைக்கிற நாம், பானெட்டைத் திறப்பது வண்டி நின்றுபோன பிறகுதான்.

நாங்கள் பட்டதைச் சொல்கிறோம். ஒரு தீபாவளி சமயம் சர்வீஸுக்கு விட்டோம். என்ஜின் மேலேயே பிரஷர் தண்ணீரைப் பீய்ச்சிப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்தே மண்டிக்குப் பணம் கட்டப் புறப்பட்டோம். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. மடியில் பணப்பை, சுற்றிலும் இருட்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்துவிட்டால் என்ஜின் எடுக்காது. மூடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்த பிறகே கிளம்பியது.

அன்று முதல் இந்த வேலையை நாங்களே செய்கிறோம். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, ஏர் கிளீனரின் வாய் இவற்றைப் பாலித்தீன் உறையால் இறுக மூடிக் கட்ட வேண்டும். சர்க்கரை மூட்டைக்குள் வரும் உறையே போதும். டீசல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. மற்றவற்றை மூடத்தான் வேண்டும்.

அடுத்து காய்ந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். மளிகைக் கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு எலித் தொல்லை உண்டு. சாக்குத் துண்டும் பருப்பும் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். வயரைக் கடித்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும் பிரஷ்ஷும் போதும். பிறகு ஈரத்துணியால் துடைக்கலாம். சலவை சோடா வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். மண்ணெண்ணெய் ரப்பர் குழாய்களை உப்ப வைக்கும். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பது வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தங்கி நிற்கும். ஒரு பொறி போதும். நம் ஷெட்டை ஒட்டித்தானே எண்ணெய் டின்னும் சாக்கும் அடுக்கி வைக்கிறோம்!

பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெண்பச்சைத் தூளுக்கு மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் அமிலம் நுரைத்து அடங்கும். கரைசல் பேட்டரிக்குள் போய்விடக்கூடாது. பிறகு துடைத்து வாசலின் தடவலாம்.

எல்லாம் முடிந்ததும் உறைகளை அவிழ்த்து, பானெட்டைத் திறந்து வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைத் துடைத்த பிறகு எர்த் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஓடும்போது பெட்ரோல் குழாயில் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். பிசுக்கு மூடியிருந்தவரை தெரியாத வெடிப்பு இப்போதுதான் தெரியும். எங்கள் வண்டியில் போன முறை பெட்ரோல் பம்ப் பக்கத்தில் அப்படி ஒன்று அகப்பட்டது. அன்றே குழாயை மாற்றினோம்.