கிராமத்தின் கருத்து ஓர் அமானிதம்

"மக்கள் கருத்து" என்ற சொல்லைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கின்றோம். அந்த மக்கள் யார்? அவர்களிடம் யார், எப்படிக் கேட்டார்கள்? இதை அறியாமல் எந்த ஆய்வு முடிவையும் நம்பிவிட முடியாது. கருத்தாய்வு பற்றிக் கற்றபோது எனக்கு விளங்கியவற்றை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, யாரிடம் கேட்பது என்பது. 1936ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் சஞ்சிகை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைத் திரட்டி, லண்டன் என்பவரே வெல்வார் என அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டே ஜோர்ஜ் கலப் அதைச் சரியாகக் கணித்திருந்தார். சஞ்சிகை பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் வாகனம் வைத்திருந்தோரின் பட்டியல்களையே பயன்படுத்தியது. ஏழைகள் பலர் அவற்றில் இல்லை. பதில் அனுப்பாதோரின் எண்ணமும் அதற்குத் தெரியவில்லை.

இதே தவறு எமது மாவட்டத்திலும் நேரலாம். வவுனியாவில் 4 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஏ9 வீதியோரக் கிராமங்களில் மட்டும் கேட்டால் நெடுங்கேணியின் உட்கிராமங்கள் விடுபடும். தமிழில் மட்டும் வினாக்கொத்துத் தயாரித்தால், சிங்கள மக்கள் அதிகம் வாழும் வவுனியா தெற்கு விடுபடும். வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பினால், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பதிவுபெற்று, இன்று சொந்த ஊருக்கு வந்துபோகும் குடும்பங்கள் விடுபடலாம். எனக்கு வயது பதினேழு. அந்த இடாப்பில் என் பெயரும் இல்லை.

இரண்டாவது, எப்படிக் கேட்பது என்பது. "யானை வேலி அவசியம்தானே?" என்று கேட்டால் எவரும் "ஓம்" என்றே சொல்வர். "உங்கள் பயிருக்கு என்னென்ன பாதிப்பு வருகிறது?" என்று கேட்டால்தான் யானையா, குளத்துக் கட்டா, உர விலையா எது முதலில் வருகிறது என்பது தெரியும்.

பயிற்சிக்காக ஒரு கிராமத்தில் வினாக்கொத்துடன் சென்றபோது, "ஊரின் பிரதான பிரச்சினை எது?" என்று ஒரு தாயாரிடம் கேட்டேன்.

"எங்களுக்கென்ன மகள் தெரியும்? அவர் வந்ததும் கேளுங்க" என்றார்.

"குடிக்கத் தண்ணி எங்க எடுக்கிறீங்க, மாமி?" என்று கேட்டேன்.

கிணற்று நீரின் உவர்ப்பு, சிறுநீரக நோய் பற்றிய பயம், கிளினிக் போக பஸ் இல்லாமை என்று அவர் நெடுநேரம் பேசினார். கருத்து அவரிடம் முன்பே இருந்தது. அதை வெளிக்கொணரும் வினாதான் முதலில் இருக்கவில்லை. பெண்களிடம் தனியாகவும், அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்திலும் கேட்க வேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.

எமது நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் 2016இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணி. மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 11 பேர் கொண்ட அச்செயலணி, பிராந்தியச் செயலணிகள் மூலம் நாடெங்கும் மக்களைச் சந்தித்து 7,306 கருத்துரைகளைப் பெற்றது. அவற்றுள் 4,872 பொதுக் கூட்டங்களிலும் 1,048 குழுக் கலந்துரையாடல்களிலும் சொல்லப்பட்டவை. எழுதி அனுப்பப்பட்டவை 1,386 மட்டுமே. எழுதச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் கிராமம் பேசாது, அதனிடம் நாம்தான் போக வேண்டும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

2017 ஜனவரியில் அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது. பரிந்துரைகள் பல நடைமுறைக்கு வரவில்லை. காணாமல் போனோரின் தாய்மார் ஒவ்வோர் ஆணைக்குழுவின் முன்னும் அதே துயரைத் திரும்பச் சொன்னார்கள். "எத்தனை தரம்தான் சொல்வது?" என்று கிராமத்தவர் சலிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு.

எனவே மூன்றாவது விடயமே முக்கியமானது: கேட்டபின் என்ன செய்வது? சொன்னவரின் பெயரை வெளியிடக் கூடாது. செய்ய முடியாததை வாக்களிக்கக் கூடாது. முடிவைக் கிராமத்துக்கே கொண்டுசென்று வாசித்துக் காட்ட வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும்.

தோழியரே, நாளை பல்கலைக்கழகத்திலோ தொழிலிலோ உங்கள் கையிலும் ஒரு வினாக்கொத்து வரலாம். பெற்றோரே, பிள்ளைகள் கேட்டு வந்தால் உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். ஒருவர் நம்பிச் சொன்ன சொல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பிக்கும் வரை ஆய்வு முடிவதில்லை.