பிசிறில்லாமல் பேப்பர் வெட்ட அக்கா சொல்லும் வழி

ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் பிள்ளைகள், நமக்கும் அட்டையில் ஒரு தேர் செய்யணும் என்று அடம்பிடிக்கும். தங்கச்சி, பசை ஒட்டுவதெல்லாம் பிறகு. முதலில் ஓரம் பிசிறில்லாமல் வெட்டிப் பழகு.

பக்கத்துச் சிவகாசியில் ஏதாவது ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓடுவதை நின்று பார். காகிதக் கட்டைத் தட்டி ஓரம் சேர்ப்பார்கள். கனத்த இரும்புப் பட்டை இறங்கி அதை அமுக்கிப் பிடிக்கும். அதன் பிறகுதான் கத்தி இறங்கும். காகிதம் அசையக் கூடாது, கத்தி மழுங்கக் கூடாது. வீட்டில் நாம் வெட்டும்போதும் இந்த இரண்டுதான் கணக்கு. கைப்பலத்தைக் காட்டினால் காகிதம் இழுபட்டுக் கிழியும்.

நேர்கோட்டுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். பேப்பர் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் எடு. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கட்டர் செதுக்கிவிடும். ஸ்டீல் ஸ்கேல் வழுக்கினால் அதன் முதுகில் காயத்துக்கு ஒட்டும் துணி பிளாஸ்திரியை நீளமாக ஒட்டிக்கொள், பிடித்து நிற்கும். நமக்கு வேண்டிய பக்கத்தின் மேல் ஸ்கேல் இருக்கட்டும். கை தவறினாலும் கீறல் கழிவில்தான் விழும். பிளேடை ஒரு கட்டம் மட்டும் வெளியே தள்ளி, நன்றாகச் சாய்த்துப் பிடித்து, லேசாக இழு. சார்ட் பேப்பர் ஓரிரு இழுப்பில் வந்துவிடும். அட்டைக்கு நாலைந்து இழுப்பு ஆகும், அவசரப்படாதே. வெட்டும்போது சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டால் முனை போய்விட்டது, ஒடித்துவிடு. 1956-இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா இந்த ஒடிக்கும் பிளேடைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான். அதில் கஞ்சத்தனம் பார்த்தால் தேர் முழுக்கப் பிசிறுதான்.

அடியில் வைக்கப் பழைய தினசரி காலண்டர் அட்டை போதும். கண்ணாடி மேல் வெட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். அட்டையில் பள்ளம் விழுந்ததும் இடத்தை மாற்று, இல்லையென்றால் கத்தி பழைய தடத்திலேயே ஓடும்.

வளைவுக்கும் தோரணத்துக்கும் கத்தரிக்கோல்தான். நுனியால் கொத்தாதே, வாயின் உள்பக்கத்தில் காகிதத்தைக் கொடுத்து வெட்டு, நுனி முழுக்க மூடுமுன் மறுபடி திற. வளைவு வரும்போது கத்தரியை அப்படியே வைத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பு. தோரணத்துக்குக் கலர் பேப்பரை மடித்தால் எட்டு அடுக்குக்கு மேல் போகாதே. கழிந்துபோகும் ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் மடிப்பு நழுவாது.

ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் தையல் தெரிந்த வீடுகள் நிறைய. துணி வெட்டும் கத்தரியைப் பேப்பரில் வைக்காதே. பேப்பரில் சுண்ணாம்பு மாதிரியான தாதுத்தூள் கலந்திருக்கும், அது கூரைத் தின்றுவிடும். கத்தரியில் செலோடேப் பசை ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, கழிவுத் தாளை இரண்டு தரம் வெட்டிவிட்டு வேலையைத் தொடங்கு. ஆடி மாதத்தில் காத்தும் சும்மா இருக்காது. ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து.

ஒடித்த பிளேடுத் துண்டைக் குப்பையில் அப்படியே போடாதே, குப்பை அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வை. சின்னப் பிள்ளைகள் கையில் கட்டரைக் கொடுக்கவே கொடுக்காதே; நேர்வெட்டை நீ வெட்டிக் கொடு, தோரணத்தை அவர்கள் வெட்டட்டும்.