எழுதாத கணக்கும் ஏற்கப்படாத நஷ்டமும்



திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே அது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிக்கலாகாது என்று அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான்.

“கைக்குக் கை முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அதிலேயே இருக்கிறதே” என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது சலுகை, எழுதுவதற்குத் தடையன்று. கூட்டு வியாபாரமோ ஒரே நாளில் முடிவதில்லை. மேலும், மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், வியாபாரக் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தச் சொல்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இருவர் சரிபாதிக் கூட்டில் ஜவுளிக்கடை நடத்துகின்றனர். ஓராண்டில் 60,000 வெள்ளி நஷ்டம். கூட்டுக் கடைக்குத் தனியே வருமான வரி கிடையாது. லாபமும் நஷ்டமும் பங்குப்படி அவரவர் கணக்கில் சேரும். ஆகவே ஒருவர் தம் பங்கான 30,000 வெள்ளியை அவ்வாண்டின் வீட்டு வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்கிறார். பின்னர் வரி அதிகாரி பேரேட்டைக் கேட்கிறார். அதுவோ ஊருக்குப் போய்விட்ட மற்றக் கூட்டாளியின் பொறுப்பில் இருந்தது, தேடியும் கிடைக்கவில்லை. நஷ்டம் ஏற்கப்படாமல், கழித்த தொகைக்கும் வரி வருகிறது. பணம் போனது போதாதென்று நட்பும் கெடுகிறது.

மதிப்பீட்டு அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் கியூ படிவத்தில் மேல்முறையீடு செய்யலாம். இணக்கம் ஏற்படாவிடில் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்கள் முன் போகும். அங்கே, நஷ்டம் பொய்யென்று வரி வாரியம் நிரூபிக்க வேண்டியதில்லை. மதிப்பீடு தவறென்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் முறையிடுபவர் மீதே வைத்திருக்கிறது. நஷ்டம் உண்மையென்பதைப் படைத்தவன் அறிவான். ஆணையர்களோ காகிதத்தைக் கேட்பார்கள்.

ஆகவே சகோதரர்களே, ஆண்டுக் கணக்கின் நகல் ஒவ்வொரு கூட்டாளியிடமும் இருக்கட்டும். கூட்டுப் பிரியும்போது புத்தகங்கள் யாரிடம் இருக்கும் என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். கழித்தது போக மீந்த நஷ்டத்தை இப்போது 10 ஆண்டுகள் வரை பின்வரும் வியாபார வருமானத்தில் கழிக்கலாம். ஆதலால் 7 ஆண்டு முடிந்ததென்று நஷ்ட ஆண்டின் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

கூட்டாளியை நம்புவது நற்குணம். அவர் பங்கையும் நம் பங்கையும் எழுதிக் காப்பது அமானிதம். அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.